மோட்டார் ஏன் நின்றது?

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடலில் நல்ல இருட்டு. விழிஞ்ஞம் கலங்கரை விளக்கின் ஒளி தூரத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. வள்ளத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். வள்ளக்காரரும் அவருடைய மச்சானும். வலையை வாங்கி முடித்துக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மோட்டார் இருமியது. ஒருமுறை உறுமியது. நின்றுவிட்டது.

வள்ளக்காரர் கயிற்றை இழுத்தார். பத்து முறை இழுத்தார். இருபது முறை இழுத்தார். உள்ளங்கை எரிந்தது. மோட்டார் பேசவில்லை. வள்ளம் மெல்லப் பாறைப் பக்கம் ஒதுங்கியது. பாறையில் அலை அடிக்கும் சத்தம் கேட்டது.

"நங்கூரத்தைப் போடு!" என்றார். மச்சான் நங்கூரத்தைப் போட்டார். வள்ளம் நின்றது.

கேனில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதா? வள்ளக்காரர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அரை கேனுக்கு மேல் இருந்தது. மூடியைத் திருகி மூடினார். பெட்ரோல் பக்கம் திருப்பிக் கயிற்றை இழுத்தார். மோட்டார் ஓடியது. பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். அப்போதும் ஓடியது.

ஏன் நின்றது? ஏன் ஓடியது? இரண்டுமே அவருக்குத் தெரியவில்லை.

கரைக்கு வந்தபோது ஏலம் முடியும் நேரம். நல்ல மீன்தான். ஆனால் வியாபாரிகள் பாதிப் பேர் போய்விட்டார்கள். கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் இப்படி நடப்பது இது நான்காம் முறை.

அவர் மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் மோட்டாரைத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மாட்டினார். தன்னிடம் இருந்த சிறிய டாங்கிலிருந்து எண்ணெய் கொடுத்து ஓட்டினார். அரை மணி நேரம் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

"கார்புரேட்டர் பழசாகிவிட்டது. மாற்றினால் சரியாகும்" என்றார். விலை பல ஆயிரம் ரூபாய். வீட்டில் பணம் இல்லை. மனைவியின் கழுத்துச் சங்கிலிதான் இருந்தது. அதை அடகு வைப்பது என்று முடிவானது.

அன்று இரவு மனைவி கணக்கு நோட்டை எடுத்தார். அவர் எழுத்துக் கற்று ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு கேன்கள் உண்டு. பழைய வெள்ளைக் கேன் 20 லிட்டர் பிடிக்கும். புதிதாக வாங்கிய நீலக் கேன் 30 லிட்டர் பிடிக்கும். எந்தக் கேனில் எண்ணெய் வாங்கினோம் என்று கடைக்காரருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத் தினமும் எழுதி வந்தார். சங்கிலியை அடகு வைக்குமுன் எவ்வளவு நஷ்டம் என்று கூட்டிப் பார்க்க நினைத்தார்.

நோட்டில் இப்படி எழுதியிருந்தது:

திங்கள் – வெள்ளைக் கேன். நல்ல விலை.
செவ்வாய் – நீலக் கேன். மோட்டார் நின்றது. விலை குறைவு.
புதன் – வெள்ளைக் கேன். மீன் இல்லை.
வியாழன் – வெள்ளைக் கேன். சுமாரான விலை.
வெள்ளி – நீலக் கேன். மோட்டார் 2 தடவை நின்றது.
சனி – வெள்ளைக் கேன். நல்ல விலை.
ஞாயிறு – கடல் இல்லை.

அவர் முந்தின பக்கத்தையும் திருப்பினார். அதற்கு முந்தின பக்கத்தையும் பார்த்தார். பிறகு எழுந்து திண்ணைக்குப் போனார். அங்கே மாமனார் வலை பொத்திக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். கண் மங்கிய பிறகு போவதில்லை.

"மாமா, மோட்டார் நின்ற நாளெல்லாம் நீலக் கேன் கொண்டுபோன நாளாக இருக்கிறது. வெள்ளைக் கேன் கொண்டுபோனால் நிற்பதே இல்லை."

பெரியவர் ஊசியைக் கீழே வைத்தார். மகனைக் கூப்பிட்டார்.

"மக்கா, மோட்டார் நின்றபோது ரப்பர் பல்பு எப்படிக் கிடந்தது?"

"சப்பிக் கிடந்ததுப்பா. அமுக்கினேன். உப்பவே இல்லை."

"கேன்?"

"இருட்டில் கேனை யார் பார்த்தது?"

"காலையில் பார்ப்போம்" என்றார் பெரியவர். "சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்."

எண்ணெய் போகும் வழி

பெரியவர் என்ன நினைத்தார் என்று தெரிய, எண்ணெய் போகும் வழி தெரிய வேண்டும்.

கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் 1980-களில் வள்ளங்களில் வெளிப்பொருத்து மோட்டார்கள் பெருகின. பல மோட்டார்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. கிளப்புவதற்குப் பெட்ரோல் வேண்டும். மோட்டார் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எண்ணெயின் வழி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் கேன் அல்லது டாங்கு. அதிலிருந்து ரப்பர் குழாய். குழாயின் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்பு. பிறகு பில்டர். அதற்கு அடுத்தது சிறிய எண்ணெய்ப் பம்பு. கடைசியில் கார்புரேட்டர். அங்கே எண்ணெய் காற்றோடு கலந்து மோட்டாருக்குள் போகிறது. பிளக்கின் நெருப்புப் பொறி அதை எரிக்கிறது.

கேன் கீழே இருக்கிறது. மோட்டார் மேலே இருக்கிறது. எண்ணெய் தானாக மேலே ஏறாது. பம்பு உறிஞ்ச வேண்டும். இளநீரில் குழல் போட்டு உறிஞ்சுவது போலத்தான். இளநீரின் கண்ணைக் குழலைச் சுற்றி இறுக அடைத்துவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். முதலில் கொஞ்சம் வரும். பிறகு வராது. ஏன்? போன நீருக்குப் பதிலாக உள்ளே காற்று வர வேண்டும். காற்று வர வழி இல்லாவிட்டால் நீரும் வராது.

மறுநாள் காலை மோட்டாரை டிரம்மில் மாட்டினார்கள். டிரம்மில் நிறையத் தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் இல்லாமல் வெளிப்பொருத்து மோட்டாரை ஓட்டக் கூடாது. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர் இதழ் கருகிவிடும்.

நீலக் கேனை இணைத்து ஓட்டினார்கள். நன்றாக ஓடியது. மகன் பொறுமை இழந்தார். பெரியவர் கேனின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் போனது. கேனின் வயிறு உள்ளே ஒடுங்கத் தொடங்கியது. பிறகு ரப்பர் பல்பு சப்பியது. மோட்டாரின் சத்தம் தேய்ந்தது.

பெரியவர் கேனின் மூடியைத் திருகினார். "உஸ்" என்று காற்று உள்ளே போனது. மோட்டார் துள்ளி எழுந்து ஓடியது.

வள்ளக்காரருக்கு இப்போது புரிந்தது. நீலக் கேனின் மூடியில் குழாய் நுழையும் ஓட்டையை அவரேதான் பசை வைத்து இறுக அடைத்திருந்தார். கடல் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று செய்த வேலை. தண்ணீர் போகவில்லை. காற்றும் போகவில்லை. வெள்ளைக் கேனின் மூடியில் ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறல்தான் இத்தனை நாள் அவரைக் கரை சேர்த்தது. மெக்கானிக் வேறு டாங்கில் ஓட்டியதால் அவருக்குக் குறை தெரியவில்லை. மோட்டாரைக் காட்டப் போகும்போது கேனையும் குழாயையும் சேர்த்துக் கொண்டுபோவது நல்லது.

கம்பெனி டாங்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே குறை வரலாம். அந்த டாங்கின் மூடியில் காற்றுக்கு ஒரு சிறிய திருகு இருக்கும். கரையில் அதை மூடி வைப்பார்கள். கடலில் திறக்க மறந்துவிடுவார்கள். சில சமயம் உப்புப் படிந்து அது அடைத்துக்கொள்ளும்.

ஒரு ஆணியின் கதை

குறை தெரிந்ததும் மகன் அடுப்படிக்கு ஓடினார். ஒரு ஆணியைக் கொறடால் பிடித்து நெருப்பில் காட்டினார். சூடான ஆணியால் கேனில் ஓட்டை போட நினைத்தார்.

"நில்லு மக்கா!" என்று பெரியவர் கத்திவிட்டார்.

பெட்ரோலோ மண்ணெண்ணெயோ இருந்த கேனில் சூடான ஆணி வைக்கக் கூடாது. கேன் காலியாக இருந்தாலும் வைக்கக் கூடாது. காலிக் கேனில் எண்ணெயின் ஆவி இருக்கும். திரவத்தை விட ஆவிதான் சட்டென்று தீப்பிடிக்கும். கேன் வெடித்து முகமும் கையும் வெந்துபோகலாம்.

அவர்கள் மூடியை மட்டும் கழற்றினார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். கேனை விட்டுத் தள்ளிப் போய்க் கைத் துளைப்பானால் சிறிய துளை போட்டார்கள். துளையில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு குழாயைச் செருகினார்கள். அதைத் தூண்டில் முள் போலக் கீழ் நோக்கி வளைத்தார்கள். இனிக் காற்று போகும். தெறிக்கும் அலைத் தண்ணீர் எளிதில் போகாது. செலவு கொஞ்சம்தான்.

பல்பு சொல்லும் சேதி

காற்றுத் துளை ஒரு குறைதான். எண்ணெய் வராமல் போக வேறு காரணங்களும் உண்டு. ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்தாலே பாதி சேதி தெரிந்துவிடும்.

பல்பின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது மோட்டார் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் எண்ணெய் போகாது. பல்பை நிமிர்த்தி, அம்புக்குறி மேலே பார்க்கும்படி பிடித்து அமுக்க வேண்டும்.

சில அமுக்கில் பல்பு கெட்டியாகிவிட்டால் கார்புரேட்டர் வரை எண்ணெய் நிறைந்துவிட்டது என்று பொருள். பல்பு சப்பிப்போய் உப்பாமல் கிடந்தால் அடைப்பு கேன் பக்கம் இருக்கிறது. காற்றுத் துளையைப் பாருங்கள். கேனுக்குள் இருக்கும் குழாய் முனையைப் பாருங்கள். அங்கே குப்பையோ பாசியோ ஒட்டியிருக்கலாம்.

எத்தனை முறை அமுக்கினாலும் பல்பு கெட்டியாகவில்லையா? எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் குழாயின் இணைப்பில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். அல்லது குழாயில் வெடிப்பு இருக்கும். வெடிப்பில் எண்ணெய் வெளியே சொட்டாமல் இருக்கலாம். பம்பு உறிஞ்சும்போது காற்று உள்ளே போகும். அதனால் வெளியே ஈரம் இல்லையே என்று ஏமாற வேண்டாம். கார்புரேட்டரிலிருந்து எண்ணெய் வழிந்தாலும் பல்பு கெட்டியாகாது. அப்படி வழிந்தால் உள்ளே இருக்கும் மிதவையோ அதன் ஊசியோ சிக்கியிருக்கிறது.

இன்னொரு சோதனை மிகவும் பயனுள்ளது. மோட்டார் வேகத்தில் ஓடும்போது தேய்ந்து சாகப் பார்க்கிறது. அப்போது ஒருவர் பல்பை அமுக்க வேண்டும். மோட்டார் உயிர் பெற்றால் எண்ணெய்ப் பம்பு சோர்ந்துவிட்டது, அல்லது வழியில் காற்று கசிகிறது. பம்புக்குள் டயாபிரம் என்ற மெல்லிய தகடு இருக்கிறது. மோட்டாரின் மூச்சில் அது துடித்துத் துடித்து எண்ணெயை இழுக்கிறது. நாளாக நாளாக அது விறைத்துப்போகும். சில சமயம் ஊசி முனை அளவு கிழியும். அதை மட்டும் மாற்றினால் போதும். முழு மோட்டாரையும் குறை சொல்லத் தேவையில்லை. பல்பை அமுக்கியும் உயிர் வரவில்லை என்றால் கார்புரேட்டரையும் பிளக்கையும் பார்க்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றினால் அதுவும் பேசும். கயிற்றைப் பல முறை இழுத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை. பிளக் நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, எரியவில்லை. பொறி இல்லாமல் இருக்கலாம். அல்லது சோக்கை இழுத்து இழுத்து எண்ணெய் மிஞ்சியிருக்கலாம். மிஞ்சியிருந்தால் பிளக்கைத் துடைத்துக் காய வையுங்கள். பிளக்கைப் போடாமலே, சோக்கை இழுக்காமல், கயிற்றைச் சில முறை இழுங்கள். அந்த நேரம் பிளக் வயரை ஓட்டையிலிருந்து தூரத் தள்ளி வையுங்கள். அங்கே பொறி அடித்தால் தெறிக்கும் எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

தண்ணீரும் குப்பையும்

சந்தேகம் இருந்தால் கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். எண்ணெய் மேலே மிதக்கும். கோடு போட்டது போலத் தெரியும். கேனில் எண்ணெய் ஊற்றும்போதே மெல்லிய கம்பி வலை வைத்த புனலில் வடிகட்டுவது நல்லது. பழைய துணியில் வடிகட்டினால் நூல் போகும். அந்த நூலே ஜெட்டை அடைக்கும்.

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு பித்தளைத் துண்டு. அதன் ஓட்டை வழியாகத்தான் மோட்டாருக்கு எண்ணெய் போகிறது. ஒரு மணல் போதும், அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பலர் இரும்புக் கம்பியால் குத்துவார்கள். அது தவறு. ஓட்டை பெரிதாகிவிடும். பிறகு மோட்டார் காலமெல்லாம் அதிக எண்ணெய் குடிக்கும். மண்ணெண்ணெய் விற்கும் விலையில் அது ஒரு தண்டம். ஜெட்டைப் பெட்ரோலில் ஊற வைத்துக் காற்றுப் பம்பால் ஊதினால் பெரும்பாலும் திறக்கும். ஆடும் வள்ளத்தில் கார்புரேட்டரைப் பிரிக்க வேண்டாம். ஒரு திருகு கடலில் விழுந்தால் அன்றைய தொழில் போச்சு. கடலில் முடிந்தது காற்றுத் துளை, குழாய், பல்பு, பில்டர், பிளக். அதற்கு மேல் கரையில்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. இந்தியாவில் 2025-இல் இது 20 சதவீதம் என்ற அளவை எட்டியது. எத்தனால் என்பது ஒருவகைச் சாராயம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் நின்றுவிடும். பழைய மோட்டாரின் ரப்பர்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்க வேண்டாம். பழைய குழாய் பிசுபிசுத்தாலும் விறைத்தாலும் உடனே மாற்றுங்கள்.

கரை சேருமுன்

மோட்டாரை நிறுத்துவதற்குச் சற்று முன் மண்ணெண்ணெயை மூடிப் பெட்ரோலுக்குத் திருப்ப வேண்டும். சில நிமிடம் பெட்ரோலில் ஓட விட்டு நிறுத்த வேண்டும். அப்போது கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும். மறுநாள் குளிர்ந்த மோட்டார் எளிதில் கிளம்பும். மறந்துவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் நிற்கும். குளிர்ந்த மோட்டாரில் அது ஆவியாகாது. கை ஓயும் வரை இழுத்தாலும் கிளம்பாது. அப்படி ஆனால் கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, மண்ணெண்ணெயை ஒரு டப்பாவில் வடித்துவிட்டு, பெட்ரோலை விட வேண்டும்.

இந்த மோட்டார்களில் எண்ணெயோடு டூ ஸ்ட்ரோக் ஆயிலும் கலக்க வேண்டும். ஒவ்வொரு மோட்டாருக்கும் அளவு வேறு. மோட்டாருடன் வந்த புத்தகத்தில் இருக்கும். அளவு 50-க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் என்பது 1000 மில்லி. 1000-ஐ 50-ஆல் வகுத்தால் 20. ஆகவே 1 லிட்டருக்கு 20 மில்லி ஆயில். 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி. ஆயிலை மிச்சம் பிடித்தால் பிஸ்டன் உராய்ந்து சிக்கிக்கொள்ளும். கண் அளவில் ஊற்றுவது இந்த ஒரு விஷயத்தில் ஆகாது.

கடைசியாக ஒன்று. ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்கு மாற்றக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். எல்லாக் கரையிலும் நடப்பதுதான். மண்ணெண்ணெய் வயிற்றை விட நுரையீரலுக்குக் கேடு. ஒரு மடக்கு புரையேறினால் நுரையீரல் வெந்து, மூச்சுத் திணறல் வரும். உயிருக்கே ஆபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது அது மறுபடி நுரையீரலுக்குள் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் பாட்டிலில் வைக்காதீர்கள். குழந்தைகள் குடித்துவிடும். எண்ணெய் மாற்ற ஒரு கைப்பம்பு வாங்கினால் அதன் விலை பெரிதல்ல.

அந்த வள்ளக்காரர் வீட்டில் இப்போது நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. குழாய் மாற்றிய தேதி, பிளக் மாற்றிய தேதி, டயாபிரம் மாற்றிய தேதி எல்லாம் அதில் இருக்கின்றன. மருமகள் எழுதுகிறார். பெரியவருக்குக் கண் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் அவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்.

பேசிப் பாருங்கள், செய்து பாருங்கள்

1. வெள்ளைக் கேன் கொண்டுபோன நாட்களில் மோட்டார் ஏன் நிற்கவில்லை?

2. கடலில் மோட்டார் நின்றதும் வள்ளக்காரர் முதலில் கயிற்றை இழுத்தார். பிறகு நங்கூரம் போட்டார். இது சரியான வரிசையா?

3. அளவு 50-க்கு 1 என்றால் நீலக் கேனுக்கு எத்தனை மில்லி ஆயில் வேண்டும்? உங்கள் மோட்டாரின் அளவு என்ன? அதற்கும் கணக்குப் போட்டுக் கேனின் மேல் எழுதி வையுங்கள்.